ஏபிஐ கேட்வே: மைக்ரோசர்வீஸ்களுக்கு முன்னால் ஒரே வாசல்

ஒரு ஆன்லைன் கடையை எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் எல்லாமே ஒரே புரோகிராம். லாகின், பொருள் பட்டியல், ஆர்டர், பணம் கட்டுவது, டெலிவரி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது, எல்லாம் ஒரே சர்வரில், ஒரே முகவரியில். மொபைல் ஆப்புக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு முகவரி மட்டும்தான். அப்புறம் ஆட்கள் கூடுகிறார்கள், கோட் பெருக்கிறது, பேமென்டில் ஒரு வரி மாற்றினால்கூட மொத்தத்தையும் திரும்ப டெப்ளாய் செய்ய (சர்வரில் ஏற்றி ஓடவிட) வேண்டியிருக்கிறது, அதனால் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். ஆர்டருக்கு ஒரு சர்வீஸ், பேமென்டுக்கு ஒன்று, சரக்கு இருப்புக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ், தனி டெப்ளாய். இதுதான் மைக்ரோசர்வீஸ்.

சரி, பிரித்தாயிற்று. இப்போது மொபைல் ஆப் யாரிடம் பேசும்?

நேரடியாக எல்லோரிடமும் பேசட்டுமே என்று தோன்றும். எட்டு சர்வீஸ் இருந்தால் எட்டு முகவரியை ஆப்புக்குள் எழுதிவைத்துவிடலாம். சின்ன டெமோவுக்கு இது ஓடும். நிஜத்தில் ஓடாது. ஆறு மாதம் கழித்து ஆர்டர் சர்வீஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று வந்தால், முகவரி மாறுகிறது, ஆனால் பழைய முகவரியைச் சுமந்துகொண்டிருக்கும் ஆப் லட்சக்கணக்கான போன்களில் இருக்கிறது, அவர்களில் பலர் அப்டேட் செய்யவே மாட்டார்கள். பிரவுசரில் ஓடும் தளமாக இருந்தால் ஒவ்வொரு தனி முகவரிக்கும் கார்ஸ் அனுமதியை (ஒரு தளம் வேறு முகவரியிடம் கேட்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் அனுமதி) தனித்தனியாகப் பார்த்து வைக்க வேண்டும். லாகின் டோக்கனை (லாகின் செய்தவர் காட்டும் அடையாளச் சீட்டு) சரிபார்க்கும் கோட் எட்டு இடத்தில் எட்டு பேர் எழுதியதாக இருக்கும், அதில் ஒருவர் காலாவதி நேரத்தைப் பார்க்க மறந்தால் போதும், அந்த ஒரு சர்வீஸ் திறந்த வீடு. இது போக, எட்டு சர்வீஸும் பொது இணையத்தில் நேராக நிற்கின்றன.

இந்தச் சிக்கலுக்குப் பதில்தான் ஏபிஐ கேட்வே. (ஏபிஐ என்றால் ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் கேட்டுப் பதில் வாங்கும் வழி.) வெளியே இருந்து வரும் எல்லா ரிக்வெஸ்ட்டும் முதலில் இங்கே வரும். இது யாருக்குப் போக வேண்டியது என்று பார்த்து, உள்ளே சரியான சர்வீஸுக்கு அனுப்பி, வந்த பதிலைத் திருப்பிக் கொடுக்கும். அரசு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போடும் கவுண்டர் மாதிரி: வந்தவர் யார், எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவதுதான் அங்கே வேலை, மருந்து எழுதுவது அந்தக் கவுண்டரின் வேலை இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவதும் இதுதான். கேட்வேயைக் கட்டுவது கஷ்டமில்லை. அது வழிகாட்டும் வேலையைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

ஒரு ரிக்வெஸ்ட் உள்ளே வந்தால் என்ன நடக்கிறது

ஒரு பயனர் ஆப்பில் தன் ஆர்டரைத் திறக்கிறார். "/ஆர்டர்ஸ்/4521" என்ற பாதைக்கு ஒரு கெட் ரிக்வெஸ்ட் கிளம்புகிறது. இது முழுக்க எச்டிடிபிஎஸ், அதாவது டிஎல்எஸ் மறையாக்கத்தோடு வருகிறது. பொதுவாக இந்தப் பூட்டு கேட்வேயிலேயே, அல்லது அதற்கு முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டுகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரிலேயே அவிழ்க்கப்படும். சான்றிதழை எட்டு இடத்தில் புதுப்பிக்காமல் ஓரிடத்தில் புதுப்பித்தால் போதும் என்பதே பெரிய நிம்மதி.

அடுத்து, இந்த ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு அடையாள எண் ஒட்டப்படுகிறது. யாரும் கண்டுகொள்ளாத சின்ன வேலை இது, ஆனால் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். ஒரு ரிக்வெஸ்ட் கேட்வே, ஆர்டர், சரக்கு இருப்பு, பேமென்ட் என்று நாலு இடத்தைத் தொட்டுவிட்டு எங்கோ தோற்றுப் போனால், நாலு இடத்து லாகிலும் ஒரே எண் இருந்தால்தான் கோத்துப் பார்க்க முடியும். இல்லையென்றால் நேரத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான், நொடிக்கு ஆயிரம் ரிக்வெஸ்ட் வரும் இடத்தில் ஊகம் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. இதற்கென்றே வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2020இல் 'டிரேஸ்பேரன்ட்' என்ற ஹெடருக்கு (ரிக்வெஸ்ட்டோடு ஒட்டிவரும் குறிப்பு) ஒரு தரநிலை கொண்டுவந்தது. ஓப்பன்டெலிமெட்ரி போன்ற கருவிகள் அதைப் புரிந்துகொள்ளும், அதனால் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல் அதையே பயன்படுத்துங்கள்.

பிறகு டோக்கன் சரிபார்ப்பு, அதன் பின் 'இவர் அளவுக்கு மீறிக் கேட்கிறாரா' என்ற சோதனை, பிறகு பாதையைப் பார்த்து எந்த சர்வீஸ் என்று முடிவு, அந்த சர்வீஸுக்கு ரிக்வெஸ்ட்டை நகலெடுத்து அனுப்புதல், பதில் வந்ததும் கிளையன்ட்டிடம் சேர்த்தல், எத்தனை மில்லிநொடி ஆனது என்று லாகில் எழுதுதல். எந்தக் கருவியை எடுத்தாலும் உள்ளே நடப்பது இந்தச் சங்கிலிதான். ஸ்பிரிங் கிளவுட் கேட்வேயும் என்வாயும் இதன் கண்ணிகளை ஃபில்டர் என்கின்றன, காங் அதையே பிளகின் என்கிறது.

நாமே ஒன்று எழுதிப் பார்த்தால்

புரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஒருமுறை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. நான் கோ மொழியைச் சொல்வேன், ஏனென்றால் அதன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே ரிவர்ஸ் புராக்ஸி (வந்த ரிக்வெஸ்ட்டைப் பின்னால் இருக்கும் சர்வருக்குக் கொண்டுபோய்ப் பதிலை வாங்கித் தருவது) என்ற டைப் தயாராக இருக்கிறது. வெளியில் இருந்து எதுவும் இறக்க வேண்டாம். பாதைகளைப் பொருத்திப் பார்க்க அதே லைப்ரரியில் இருக்கும் சர்வ்மக்ஸ் போதும். கோ 1.22இல் இருந்து, அதாவது 2024 பிப்ரவரியில் இருந்து, அதிலேயே 'கெட்' 'போஸ்ட்' போன்ற மெத்தட்களையும், பாதையின் நடுவில் மாறும் பகுதிகளையும் குறிப்பிட முடிகிறது. "/ஆர்டர்ஸ்/" என்று ஆரம்பிப்பது எல்லாம் ஆர்டர் சர்வீஸின் முகவரிக்கு, "/பேமென்ட்ஸ்/" என்று ஆரம்பிப்பது பேமென்ட் சர்வீஸின் முகவரிக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிவர்ஸ் புராக்ஸி உருவாக்கி மக்ஸில் பதிந்து, 8080 போர்ட்டில் ஓடவிட்டால், ஐம்பது வரிக்குள் உங்களுக்கு ஒரு கேட்வே கிடைத்துவிடும். பின்னால் ஒரு சர்வீஸை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள், தானாகவே 502 (பின்னால் இருப்பவரிடம் பதில் வாங்க முடியவில்லை) என்ற பதில் வரும். அதை நீங்கள் எழுதவில்லை, லைப்ரரி கொடுக்கிறது.

ஆனால் அந்த ஐம்பது வரியை அப்படியே நிஜப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. காரணங்கள் எல்லாம் இயல்புநிலை மதிப்புகளில் ஒளிந்திருக்கின்றன. கோவின் எச்டிடிபி சர்வருக்கு, நாமாகக் கொடுக்காதவரை, டைம்அவுட் எதுவும் கிடையாது. ஒருவர் ரிக்வெஸ்ட்டைச் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த இணைப்பு திறந்தே கிடக்கும். பின்னால் இருக்கும் சர்வீஸோடு பேசும் டிரான்ஸ்போர்ட், சும்மா இருக்கும் இணைப்புகளில் ஒரு ஹோஸ்ட்டுக்கு இரண்டை மட்டும்தான் கையில் வைத்துக்கொள்ளும். கேட்வே என்பதோ அதே நாலைந்து ஹோஸ்ட்களோடுதான் நாள் முழுக்கப் பேசுகிறது. இரண்டுக்கு மேற்பட்ட இணைப்புகளை வேலை முடிந்ததும் மூடிவிட்டு, அடுத்த நொடி மறுபடி புதிதாகத் திறந்துகொண்டிருக்கும். டிராஃபிக் கூடும்போது காரணமே தெரியாமல் தாமதம் ஏறும். அந்த எண்ணை நூறு அளவுக்கு உயர்த்தினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பாதை பொருத்துவதிலும் ஒரு குழி இருக்கிறது, புதிதாக வருபவர்கள் அதிகம் விழுவது இதில்தான். ஆப் கேட்பது "/ஆர்டர்ஸ்/4521". ஆர்டர் சர்வீஸ் உள்ளே எதிர்பார்ப்பது "/ஆர்டர்ஸ்/4521" தானா, வெறும் "/4521" தானா? முன்னொட்டை வெட்டி அனுப்ப வேண்டுமா, அப்படியே அனுப்ப வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரைக் கேட்வேயாகப் பயன்படுத்தினால், அதன் கட்டமைப்பில் புராக்ஸி பாஸ் வரியில் சர்வீஸ் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே இதைத் தீர்மானிக்கிறது. கோடு இல்லையென்றால் முழுப் பாதையும் போகும், கோடு இருந்தால் பொருந்திய முன்னொட்டு கழன்றுவிடும். ஒரே ஒரு எழுத்து. 404 ஏன் வருகிறது என்று மணிக்கணக்கில் தேடவைக்கும் எழுத்து அது.

என் கருத்து, வெட்டாமல் அப்படியே அனுப்புவது நல்லது. லாகில் பார்க்கும் பாதையும் ஆப் கேட்ட பாதையும் ஒன்றாக இருக்கும்.

சர்வீஸ் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்

முகவரிகளைக் கையால் எழுதிவைத்தோம். கண்டெய்னர்கள் (ஒவ்வொரு சர்வீஸையும் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் முறை) உலகில் அது நிலைக்காது. ஆர்டர் சர்வீஸின் மூன்று பிரதிகள் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்று செத்துப் போகும், வேறு ஐபியில் புதிதாக ஒன்று முளைக்கும். அதனால் 'யார் எங்கே உயிரோடு இருக்கிறார்' என்ற பதிவேடு ஒன்று வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் இதற்காக யுரேகா என்ற ஒன்றை எழுதி 2012இல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. ஒவ்வொரு சர்வீஸும் எழுந்ததும் அங்கே பெயர் கொடுக்கும், அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று சொல்லும், சொல்லாமல் போனால் பெயர் நீக்கப்படும். இன்றைக்குக் கண்டெய்னர்களை ஓட்டிப் பராமரிக்கும் குபர்நெட்டீஸில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. சர்வீஸ் பெயரையே டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தருவது) பெயராகக் கொடுத்துவிட்டால், அது சரியான பாட்களுக்கு (ஓடும் பிரதிகளுக்கு) பிரித்துவிடும்.

எஞ்சின்எக்ஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கட்டமைப்புக் கோப்பில் பெயரை நேரடியாக எழுதினால், சாதாரண அமைப்பில் அது தொடங்கும்போது ஒருமுறை டிஎன்எஸ் கேட்டு அந்த ஐபியையே பிடித்துக்கொள்ளும். பின்னால் ஐபி மாறினால் ரீலோட் செய்யும்வரை பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரிசால்வர் (டிஎன்எஸ் கேட்க வேண்டிய சர்வர்) ஒன்றைக் குறிப்பிட்டு, முகவரியை ஒரு வேரியபிளில் வைத்துக் கொடுத்தால் அது ஓடும்போதே மறுபடி கேட்கும்.

யார் நீ, இதைச் செய்ய உனக்கு அனுமதி உண்டா

இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்வி கேட்வேக்கு, இரண்டாவது சர்வீஸுக்கு.

இப்போது பரவலாக இருப்பது ஜேடபிள்யூடி டோக்கன். புள்ளியால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டுகள்: தலைப்பு, தகவல், கையெழுத்து. கையெழுத்தைச் சரிபார்க்கப் பொதுச் சாவி இருந்தால் போதும், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டேட்டாபேஸைத் தட்ட வேண்டியதில்லை. அதனால்தான் கேட்வேயில் இது நன்றாகப் பொருந்துகிறது. கேட்வே கையெழுத்தைப் பார்க்கும், காலாவதியைப் பார்க்கும், யார் கொடுத்தது, யாருக்காகக் கொடுத்தது என்று பார்க்கும், தவறாக இருந்தால் 401 (நீ யார் என்று உறுதியாகவில்லை) சொல்லித் திருப்பிவிடும். இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும்: டேட்டாபேஸைக் கேட்காததால், ஒருவரை நடுவில் வெளியேற்றினாலும் அவர் கையில் இருக்கும் டோக்கன் காலாவதியாகும்வரை செல்லும். ஆகவே ஆயுளைக் குறைவாக வையுங்கள், ஐந்து முதல் பதினைந்து நிமிடம் என்பது நடைமுறையில் சரியாக இருக்கும், அதன்பின் ரெஃப்ரெஷ் டோக்கனால் புதுப்பித்துக்கொள்ளட்டும்.

4521 என்ற ஆர்டர் இவருடையதுதானா என்பது கேட்வேக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அது ஆர்டர் சர்வீஸின் டேட்டாபேஸில் இருக்கிறது, அந்தச் சோதனை அங்கேதான் நடக்க வேண்டும். 'கேட்வேயில்தான் லாகின் பார்த்தாயிற்றே' என்று இதை விட்டுவிடுகிற சர்வீஸ்களில், எண்ணை மாற்றி மாற்றிப் போட்டே அடுத்தவர் ஆர்டரையெல்லாம் பார்க்க முடிந்துவிடும்.

சரிபார்த்த பிறகு, கேட்வே 'இவர்தான் பயனர்' என்பதை ஒரு ஹெடரில் எழுதி உள்ளே அனுப்பும், 'எக்ஸ்-யூசர்-ஐடி' என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. அதே பெயரில் ஒரு ஹெடரை வெளியே இருந்து ஒருவர் தானே போட்டு அனுப்பினால்? கேட்வே அதை முதலில் அழித்துவிட்டுத்தான் தன்னுடையதை எழுத வேண்டும். இதில் கோ லைப்ரரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ரிவர்ஸ் புராக்ஸியில் பழைய வழி டைரக்டர் என்ற ஃபங்ஷன். அது ஓடி முடிந்த பிறகுதான், 'கனெக்‌ஷன்' ஹெடரில் பெயர் குறிப்பிட்ட ஹெடர்களை லைப்ரரி நீக்கும். ஆக, வெளியே இருப்பவர் கனெக்‌ஷன் ஹெடரில் 'எக்ஸ்-யூசர்-ஐடி' என்று எழுதி அனுப்பினால், நீங்கள் கவனமாகச் சேர்த்த ஹெடரே கழன்று போகும். இதைச் சரிசெய்யத்தான் 2023இல் வந்த கோ 1.20இல் ரீரைட் என்ற புது வழி சேர்க்கப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் டைரக்டர்தான் இருக்கும். நீங்கள் ரீரைட்டைப் பயன்படுத்துங்கள்.

அளவுக்கு மீறிக் கேட்பவர்கள்

ரேட் லிமிட் வைக்கப் பரவலான முறை டோக்கன் பக்கெட். (லாகின் டோக்கனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஒவ்வொரு பயனருக்கும் 20 டோக்கன் கொள்ளும் ஒரு கணக்கு, நொடிக்கு 5 டோக்கன் நிரம்பும், ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்று கழியும். சும்மா இருந்தவர் ஆப்பைத் திறந்ததும் ஒரே மூச்சில் 15 ரிக்வெஸ்ட் போனாலும் தடையில்லை, ஆனால் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தால் நொடிக்கு ஐந்துக்கு மேல் கிடைக்காது. மீறினால் 429 (அளவுக்கு மேல் கேட்கிறாய்), கூடவே 'ரிட்ரை-ஆஃப்டர்' ஹெடரில் எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்ற எண். எஞ்சின்எக்ஸ் தன் இயல்புநிலையில் 429க்குப் பதில் 503 (சர்வீஸ் இப்போது கிடைக்காது) கொடுக்கும், ஒரு வரி சேர்த்து மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் சர்வர் விழுந்துவிட்டது என்று நினைத்து உங்கள் அலாரம் எல்லாம் அடிக்கும்.

கேட்வேயின் நாலு பிரதிகள் ஓடினால், ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணும்போது பயனருக்கு நாலு மடங்கு கிடைத்துவிடும். எண்ணிக்கையை ரெடிஸ் போன்ற பொது இடத்தில் வைப்பது ஒரு வழி. துல்லியம் அவ்வளவு முக்கியமில்லை என்றால் அளவை நாலால் வகுத்துவிட்டுப் போகலாம், பல இடங்களுக்கு அதுவே போதும்.

மெதுவான சர்வீஸ்தான் செத்த சர்வீஸைவிட மோசம்

நிஜமான வலி இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு சர்வீஸ் முழுசாக விழுந்துவிட்டால் பிரச்சினை உடனே தெரியும். இணைப்பு மறுக்கப்படும், 502 போகும், முடிந்தது. அது விழாமல் மெதுவானால் என்ன ஆகும்? உங்கள் கேட்வே ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு திரெட் (ஒரு நேரத்தில் ஒரு வேலையைப் பார்க்கும் ஆள் மாதிரி) என்ற பழைய பாணியில், 200 திரெட்களோடு ஓடுகிறது என்று கணக்குப் போடுங்கள். சாதாரணமாக ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் 50 மில்லிநொடியில் முடிந்தால், ஒரு திரெட் நொடிக்கு 20 பேரை அனுப்பும், மொத்தம் நொடிக்கு 4000. இப்போது பேமென்ட் சர்வீஸ் மட்டும் 10 நொடி எடுக்க ஆரம்பிக்கிறது. பேமென்டுக்குப் போன திரெட்கள் ஒவ்வொன்றாக அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் 200ம் அங்கேதான். இப்போது கேட்வேயால் நொடிக்கு 20 ரிக்வெஸ்ட்டைத்தான் கையாள முடியும். பொருள் பட்டியல் சர்வீஸ் முழு ஆரோக்கியத்தோடு சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதைக் கேட்பவருக்கும் பதில் கிடைக்காது. ஒரு சர்வீஸின் தலைவலி மொத்தக் கடையையும் மூடிவிட்டது.

நெட்ஃபிளிக்ஸ் 'ஜூல்' என்ற தன் கேட்வேயை 2013இல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கியபோது அது இந்தத் திரெட் முறையில்தான் இருந்தது. பின்னர் நெட்டி என்ற நூலகத்தின் மேல், திரெட்கள் காத்து நிற்காத முறையில் அதைத் திரும்ப எழுதினார்கள், 2018 மே மாதம் ஜூல் 2 வெளியானது. அப்போது அவர்கள் சொன்ன கணக்கு: 80க்கும் மேற்பட்ட ஜூல் 2 கிளஸ்டர்கள், பின்னால் சுமார் 100 சர்வீஸ் கிளஸ்டர்கள், நொடிக்கு 10 லட்சத்துக்கும் மேல் ரிக்வெஸ்ட். எஞ்சின்எக்ஸ், என்வாய், ஸ்பிரிங் கிளவுட் கேட்வே எல்லாமே இந்தக் காத்து நிற்காத பாணிதான். கோ மொழியில் கோரூட்டீன்கள் (அதன் இலகுவான திரெட்கள்) மலிவு என்பதால் திரெட் தீர்ந்துபோகும் கவலை குறைவு, ஆனால் மெமரியும் இணைப்புகளும் தீரும், ஆகவே முழுத் தப்பிப்பு எங்கேயும் இல்லை.

தீர்வின் முதல் படி டைம்அவுட். ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனித்தனியாக, அதன் இயல்பைப் பார்த்து வையுங்கள். வெளியே பெரிதாகவும் உள்ளே போகப் போகச் சின்னதாகவும் இருக்க வேண்டும்: ஆப் 10 நொடி காத்திருக்கும், கேட்வே 8, ஆர்டர் சர்வீஸ் சரக்கு இருப்பைக் கேட்பது 3 என்பது போல. தலைகீழாக வைத்தால், கேட்வே 504 (நேரத்துக்குப் பதில் வரவில்லை) சொல்லிக் கையை உதறிய பிறகும் உள்ளே சர்வீஸ் யாரும் கேட்காத பதிலைத் தயாரித்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் ஓடும் ரிப்போர்ட் மாதிரி ஏதாவது இருந்தால் டைம்அவுட்டை நீட்டாதீர்கள். உடனே 202 (ஏற்றுக்கொண்டேன்) சொல்லி ஒரு வேலை எண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மறுமுயற்சி. இது நல்லது செய்வதுபோல் தெரிந்து கெடுதல் செய்யும். ஆப் மூன்று தடவை முயல்கிறது, கேட்வே அதற்கு மூன்று, ஆர்டர் சர்வீஸ் உள்ளே மூன்று என்றால், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சரக்கு சர்வீஸ் மேல் ஒரே பயனரின் ஒரே தட்டலுக்கு 27 அடி விழும். ஆகவே மறுமுயற்சி எங்காவது ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டி, அதில் கொஞ்சம் தாறுமாறும் கலந்து. இன்னொரு விதி: கெட் ரிக்வெஸ்ட்டைத் திரும்ப அனுப்பலாம், பணம் கட்டும் போஸ்ட்டை அனுப்பக் கூடாது. பதில் வராமல் போனது பணம் எடுக்கப்பட்ட பிறகாகக்கூட இருக்கலாம், திரும்ப அனுப்பினால் இரண்டு முறை எடுத்துவிடும். எஞ்சின்எக்ஸ்கூட 1.9.13 பதிப்பிலிருந்து, நாமாகச் சொல்லாதவரை போஸ்ட்டை இன்னொரு சர்வருக்குத் திரும்ப அனுப்புவதில்லை. அப்படியும் மறுமுயற்சி வேண்டுமென்றால், கிளையன்ட்டே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனிச் சாவி ஒன்றை அனுப்ப, பேமென்ட் சர்வீஸ் அதைப் பார்த்து 'இதை முடித்தாயிற்று' என்று பழைய பதிலையே கொடுக்கும்படி கட்ட வேண்டும்.

மூன்றாவது சர்க்யூட் பிரேக்கர். ஒரு சர்வீஸுக்குப் போனவற்றில் பாதிக்கு மேல் தோற்றால், கொஞ்ச நேரத்துக்கு அங்கே அனுப்புவதையே நிறுத்தி உடனே 503 கொடுப்பது, முப்பது நொடி கழித்து ஒன்றிரண்டை மட்டும் விட்டுப் பார்ப்பது, அது ஜெயித்தால் மறுபடி திறப்பது. பயனருக்குப் பத்து நொடிக் காத்திருப்புக்குப் பதில் உடனடியாக 'இப்போது பணம் கட்ட முடியவில்லை' என்ற செய்தி, அந்த சர்வீஸுக்கு மூச்சுவிட இடம். நெட்ஃபிளிக்ஸின் ஹிஸ்ட்ரிக்ஸ் 2012இல் இதைப் பிரபலமாக்கியது. 2018 முதல் அதில் புதிதாக எதுவும் சேர்க்கப்படுவதில்லை, ஜாவாக்காரர்கள் இப்போது ரெசிலியன்ஸ்4ஜே பக்கம் போய்விட்டார்கள்.

எங்கே நிறுத்திக்கொள்வது

ஆப்பின் முகப்புப் பக்கத்துக்குப் பயனர் பெயர், கடைசி ஆர்டர், பரிந்துரைகள் மூன்றும் வேண்டும். மூன்று ரிக்வெஸ்ட் அனுப்புவதற்குப் பதில் கேட்வேயே மூன்றையும் கூப்பிட்டுக் கோத்து ஒரே பதிலாகக் கொடுத்தால் என்ன? மோசமான மொபைல் நெட்வொர்க்கில் இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் இங்கேதான் சரிவு ஆரம்பிக்கிறது. இன்று கோப்பது, நாளை 'ஆர்டர் ரத்தாகியிருந்தால் காட்டாதே', அதற்கடுத்து 'பிரீமியம் ஆளாக இருந்தால் தள்ளுபடியையும் சேர்'. ஒரு வருடத்தில் ஒவ்வொரு குழுவும் தன் சின்ன மாற்றத்துக்குக் கேட்வே குழுவின் வாசலில் வரிசையில் நிற்கும். எதிலிருந்து தப்பிக்கப் பிரித்தோமோ அதே ஒற்றைப் புரோகிராம் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது. தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் ஆலோசனை நிறுவனம் தன் டெக்னாலஜி ரேடாரில் 2015லேயே அதிக ஆசைப்படும் ஏபிஐ கேட்வேக்களைத் தவிர்க்கச் சொன்னது இதனால்தான்.

கோத்துக் கொடுப்பது தேவை என்றால் அதற்குத் தனி சர்வீஸ் வையுங்கள். மொபைலுக்கு ஒன்று, வெப்புக்கு ஒன்று என்று, அந்தந்த ஆப் குழுவே எழுதிப் பராமரிக்கும்படி. பேக்கெண்ட் ஃபார் ஃப்ரண்ட்எண்ட் என்று இதைச் சொல்வார்கள், சவுண்ட்கிளவுடில் இந்தப் பெயரோடு வளர்ந்த முறை இது. கேட்வே அதற்கும் முன்னால் நின்று, வழக்கம்போல வழி மட்டும் காட்டும். என்னிடம் கேட்டால் ஒரே ஒரு சோதனை போதும்: இந்த வரியை எழுத 'ஆர்டர்' என்றால் என்ன, 'தள்ளுபடி' என்றால் என்ன என்று கேட்வேக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? ஆம் என்றால் அது இங்கே இருக்கக் கூடாது.

எல்லாம் ஒரே வாசல் வழியாக என்றால், அந்த வாசல் விழுந்தால் எல்லாம் விழும். குறைந்தது இரண்டு பிரதிகள், முன்னால் ஒரு லோட் பேலன்சர், கேட்வேக்குள் எந்த நினைவும் தங்காமல் பார்த்துக்கொள்வது. அதைவிட முக்கியமாக, ரூட் கட்டமைப்பையும் (எந்தப் பாதை எந்த சர்வீஸுக்கு என்ற விதிகள்) கோட் மாதிரியே ரிவ்யூ செய்து, முதலில் ஒரு பிரதியில் மட்டும் ஏற்றிப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்குக் கொண்டுபோங்கள். மெஷின் சாவதைவிட ஒரு தவறான ரூட் வரிதான் கேட்வேயை அதிகம் சாய்க்கும்.

எந்தக் கருவி?

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நாலைந்து சர்வீஸ், அதிகம் மாறாத பாதைகள் என்றால் எஞ்சின்எக்ஸ் போதும். பிளகின்கள், ஏபிஐ சாவிகள், நிர்வாக ஏபிஐ எல்லாம் தயாராக வேண்டும் என்றால் காங், அதுவும் எஞ்சின்எக்ஸ் மேல் லுவாவில் கட்டியதுதான். குழு முழுக்க ஜாவா என்றால் ஸ்பிரிங் கிளவுட் கேட்வே. குபர்நெட்டீஸில் இருக்கிறீர்கள், ரூட்கள் ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும் என்றால் என்வாய் அடிப்படையிலான ஏதாவது ஒன்று. என்வாய் லிஃப்ட் நிறுவனத்தில் பிறந்து 2016இல் வெளியே வந்தது. குபர்நெட்டீஸின் கேட்வே ஏபிஐ 2023இல் 1.0 ஆனது, புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதன் வடிவிலேயே ரூட்களை எழுதினால் பின்னால் கருவியை மாற்றுவது சுலபம். சர்வரே பார்க்க வேண்டாம் என்றால் அமேசானின் ஏபிஐ கேட்வே போன்ற வாடகைச் சேவைகள். சொந்தமாக எழுதியதை நிஜப் பயன்பாட்டில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மேலே பார்த்த ஒவ்வொரு குழியையும் நீங்களே மூடிக்கொண்டிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பதே இரண்டு சர்வீஸ் என்றால் இது எதுவும் வேண்டாம், ஒரு லோட் பேலன்சரில் இரண்டு பாதை விதிகள் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அந்தச் சின்ன கோ கேட்வேயை எழுதி முடித்ததும் மூன்று விஷயம் செய்து பாருங்கள். ஆர்டர் சர்வீஸை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், 502 வர வேண்டும்: பின்னால் ஆளே இல்லை, அல்லது அது சொன்னது புரியவில்லை. பிறகு அதை ஓடவிட்டு உள்ளே இருபது நொடி தூங்கவையுங்கள், 504 வர வேண்டும்: ஆள் இருக்கிறார், பதில் சொல்லவில்லை. இந்த 504 தானாக வராது. டிரான்ஸ்போர்ட்டில் காத்திருக்கும் நேரத்தை வைத்து, டைம்அவுட் பிழையைப் பிரித்துப் பார்க்கும் எரர் ஹேண்ட்லரையும் நீங்கள்தான் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அதுவும் 502 என்றே வெளியே போகும். கடைசியாக, சர்வீஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரே நேரத்தில் ஐந்நூறு ரிக்வெஸ்ட்டை அதன் மேல் ஏவிவிட்டு, பக்கத்து டெர்மினலில் இருந்து பொருள் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டு, டைம்அவுட்டை இரண்டு நொடிக்குக் குறைத்து, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.